மாட்டுக்காரர் உண்டாக்கின ரோஜா

போன மாசம் சென்னையில இருந்து மக போன் பண்ணினா. "அப்பா, மூணாவது ரோஸும் போச்சுப்பா. இலையெல்லாம் கருப்புப் புள்ளி விழுந்து கொட்டிப்போச்சு. அடியில இருந்து ஒரு குச்சி மட்டும் ஜோரா வருது, அது பூக்கவே மாட்டேங்குது"ன்னா. அவ வீடு மூணாவது மாடி. பால்கனி எங்க மாட்டுக் கொட்டகையில பாதிகூட இருக்காது. விவசாயி மகளா இருந்துட்டு ஒரு பூச்செடி வளர்க்கத் தெரியலையான்னு பக்கத்து வீட்டுல கேட்கிறாங்களாம். அதுதான் அவளுக்கு வருத்தம்.

"உன் கைமேல தப்பு இல்ல கண்ணு. தப்பு நூறு வருசத்துக்கு முன்னாடியே நடந்துபோச்சு"ன்னேன். சிரிச்சா. நான் விளையாட்டுக்குச் சொல்லலை. அந்தக் கதையைத்தான் இன்னைக்கு எழுதறேன். அதுல என் தப்பும் ஒண்ணு சேர்ந்திருக்கு, அதையும் சொல்லிடறேன்.

நர்சரியில நீங்க ஆசைப்பட்டு வாங்குற பெரிய ரோஜா, நீளக் காம்புல ஒத்தைப் பூவா, மொட்டு நுனி கூரா இருக்குமே, அதுக்குப் பேரு ஹைப்ரிட் டீ. சீனாவில் இருந்து ஐரோப்பாவுக்குப் போன ஒரு வகை ரோஜாவில் தேயிலை வாசம் வருதுன்னு அதுக்கு டீ ரோஸ்னு பேர் வெச்சாங்க. அதோட கலப்புதான் இது.

அதுவரைக்கும் ஐரோப்பாவில் இருந்த ரோஜாவில் பெரும்பாலானது வருசத்துக்கு ஒரு தடவைதான் பூக்கும், நம்ம மாமரம் மாதிரி. சீன ரோஜா அப்படி இல்லை, வெட்ட வெட்டத் துளிர்த்துப் பூக்கும். 1790-களில் இருந்து இந்தச் செடிகள் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் ஒண்ணு ரெண்டா ஐரோப்பா போய்ச் சேர்ந்தன. வழியில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்தில் இறங்கி இளைப்பாறிப் போனதும் உண்டு.

நம்ம ஊர் எட்வர்ட் ரோஸும் சீன ரோஜாவோட பிள்ளைதான். ரீயூனியன் தீவுல வேலிக்கு நட்ட டமாஸ்க் ரோஜாவும் சீன ரோஜாவும் தானாகக் கலந்து பிறந்த செடி அது. அங்கே தாவரவியல் தோட்டத்தைப் பார்த்துக்கிட்ட பிரியோன் என்ற பிரெஞ்சுக்காரர் 1817 வாக்கில் அதைக் கவனிச்சு, பாரிசுக்கு விதை அனுப்பினார். எங்க அம்மா கிணத்து மேட்டுல வெச்ச எட்வர்ட் செடிக்கு ஒரு நாளும் மருந்து அடிச்சதில்லை. குளிக்கிற தண்ணி பாயும், அது பாட்டுக்குப் பூக்கும்.

ஹைப்ரிட் டீ வகையில் முதல் செடின்னு எல்லாரும் சொல்றது 'லா பிரான்ஸ்'. 1867ல் பிரான்சு நாட்டு லியோன் நகரத்தில் கியோ என்பவர் தன் நாற்றுகளுக்கு நடுவில் கண்டெடுத்த இளஞ்சிவப்பு ரோஜா. அதுக்கு அப்பன் ஆத்தா யாருன்னு அவருக்கே நிச்சயமாத் தெரியாது. விதையும் சரியாப் பிடிக்காது. அந்தக் காலத்து வழக்கமே அப்படித்தான். நல்ல செடிகளைப் பக்கம் பக்கமா வெச்சுட்டு, மீதியை வண்டுக்கும் தேனீக்கும் விட்டுடுவாங்க. காய் பழுத்ததும் விதை எடுத்துப் போடுவாங்க. வந்தால் அதிர்ஷ்டம்.

இந்த இடத்துலதான் நம்ம ஆள் வர்றார். பேரு ஹென்றி பென்னட். இங்கிலாந்தில் வில்ட்ஷயர் பகுதியில் ஸ்டேபிள்ஃபோர்டுங்கிற கிராமத்தில் குத்தகை விவசாயி, மாடு வளர்த்தவர். 1870-களின் தொடக்கத்தில் பிரான்சுக்குப் போய் ரோஜாக்காரங்க வேலையைப் பார்த்தார். அவருக்கு ஒரே ஆச்சரியம். எந்தப் பசுவுக்கு எந்தக் காளைன்னு தெரியாமல் எந்த மாட்டுக்காரனாவது விடுவானா? திரும்பி வந்து கண்ணாடி வீடு கட்டிச் சூடு ஏத்தினார். இங்கிலாந்துக் குளிருக்கு விதை முத்தாது, அதுக்காக. தாய்ச்செடிப் பூவில் மகரந்தத்தைத் தானே நீக்கி, தான் தேர்ந்தெடுத்த செடியின் மகரந்தத்தைத் தொட்டு வெச்சார். பொலிகாளைக்கும் பசுவுக்கும் கணக்கு எழுதுற மாதிரி ரோஜாவுக்கும் எழுதினார்.

1879ல் பத்து ரோஜாக்களை, அதது யாருக்குப் பிறந்ததுன்னு சொல்லி, வம்சாவளியோட வெளியிட்டார். அடுத்த வருசமே லியோன் தோட்டக்கலைச் சங்கம் 'ஹைப்ரிட் டீ' என்பதைத் தனி வகையா ஏத்துக்கிட்டது. பின்னாடி அவரோட ஒரு சிவப்பு ரோஜாவின் உரிமையை அமெரிக்க வியாபாரி ஒருத்தர் 5,000 டாலர் கொடுத்து வாங்கினார். ஒரு குத்தகை விவசாயிக்கு அன்னைக்கு அது என்ன காசுன்னு நினைச்சுப் பாருங்க!

ஆனா எனக்குப் பிடிச்சது அவர் 1882ல் கொண்டுவந்த 'லேடி மேரி பிட்ஸ்வில்லியம்'தான். செடி குட்டை, பூவோ பெரிசு. விதை நல்லாப் பிடிக்கும். அதைத் தகப்பன் செடியா வெச்சுத்தான் 'மேடம் கரோலின் டெஸ்டூ' (1890), 'கைசரின் அகஸ்தா விக்டோரியா' (1891) மாதிரி பேர்பெற்ற ரோஜாக்கள் பிறந்தன. சின்ன இடத்துக்குக் குட்டைச் செடி, பெரிய பூன்னு இன்னைக்கு நீங்க தேடுறதுக்கு அன்னைக்கே வித்து போட்டாச்சு.

அப்புறம் எங்கே தப்பு நடந்தது?

ஹைப்ரிட் டீயில் நல்ல மஞ்சள் நிறம் இல்லை என்ற குறை இருந்தது. லியோன் நகரத்து பெர்னே துஷே பல வருசம் பாடுபட்டு, பாரசீக மஞ்சள் ரோஜாவின் ரத்தத்தைச் சேர்த்து 1900ல் 'சோலேய் தோர்' ரோஜாவைக் கொண்டுவந்தார். உலகமே கொண்டாடியது. மஞ்சள், ஆரஞ்சுன்னு நிறம் கொட்டியது. கூடவே கரும்புள்ளி நோய்க்குச் சுலபமா ஆளாகுற குணமும் வந்து ஒட்டிக்கிச்சு. அதுக்கப்புறம் கண்காட்சி மேசையில் பூவைத்தான் வெச்சுப் பார்த்தாங்க. செடி தோட்டத்தில் இலை உதிர்ந்து நிக்குறதை யாரும் மேசையில் வைக்கலை. மருந்து வந்துடுச்சு, அடிச்சுக்கலாம்னு விட்டுட்டாங்க. பூவு ஜெயிச்சது, செடி தோத்தது.

இப்ப என் தப்பு. பதினஞ்சு வருசத்துக்கு முன்னாடி கடன் வாங்கி ஒரு கலப்பின மாடு பிடிச்சேன். நாளைக்குப் பதினஞ்சு லிட்டர்னு தரகர் கறந்தே காட்டினார். எங்கப்பா அப்ப உயிரோட இருந்தார். "பாலைப் பார்த்துட்ட, காலைப் பார்த்தியா? தாய் மாடு எப்படின்னு கேட்டியா?"ன்னார். நான் கேட்கலை. முதல் ரெண்டு ஈத்து நல்லாக் கறந்தது. சித்திரை வெயிலுக்கு மூச்சு வாங்கும், மின்விசிறி போட்டேன். மூணாவது ஈத்துல மடிநோய். ஊசி, மருந்து, டாக்டர் செலவுன்னு பால் காசெல்லாம் அதுக்கே போச்சு. கடைசியில் அடிமாட்டு விலைக்குக் கொடுத்தேன். வண்டியில ஏத்தறப்ப அது என்னைத் திரும்பிப் பார்த்தது இன்னும் கண்ணுல நிக்குது. மாடு மேல தப்பில்லை. பாலை மட்டும் பார்த்து வாங்கினவன் நான்.

ரோஜாக்காரங்களும் லேட்டாத்தான் விழிச்சாங்க. ஜெர்மனியில் கோர்டெஸ் குடும்பம் பேர்போன ரோஜா வளர்ப்பாளர்கள். அவங்க 1990 வாக்கில் தங்கள் சோதனைத் தோட்டத்தில் பூஞ்சாண மருந்து அடிக்கிறதையே நிறுத்தினாங்க. நோய் வந்த செடியைப் பிடுங்கிப் போட்டு, தாங்கினதை மட்டும் வெச்சுக்கிட்டாங்க. அந்த நாட்டில் ஏ.டி.ஆர். என்று ஒரு ரோஜாத் தேர்வு உண்டு. பல ஊர்த் தோட்டங்களில் மூணு வருசம் செடியைப் பார்த்துத்தான் முத்திரை கொடுப்பாங்க. 1997ல் இருந்து மருந்தே அடிக்காமல் சோதிக்கிறாங்க. கோர்டெஸின் 'கிராண்டே அமோரே' என்ற சிவப்பு ஹைப்ரிட் டீ அந்தத் தேர்வில் தேறினது.

நம்ம கொடைக்கானலிலும் ஒருத்தர் இருக்கார். விரு வீரராகவன். ஐ.ஏ.எஸ். வேலையைப் பாதியில் விட்டுட்டு வந்து, மணிப்பூர்க் காட்டு ரோஜாவையும், தண்ணி நிக்குற இடத்திலேயே வளரும் இன்னொரு காட்டு ரோஜாவையும் வெச்சு, சூடான ஊருக்கு ஏத்த செடிகளை உண்டாக்கினார். என் வயலில் நின்னா அந்த மலை தெரியும். குளிர்நாட்டுச் செடியை இங்கே கொண்டுவந்து கஷ்டப்படுத்தாமல், இங்கே வாழுற செடியில இருந்து ஆரம்பிச்சார் பாருங்க, அதுதான் மாட்டுக்காரன் புத்தி.

மகளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்றேன். கடையில் பூவைப் பார்க்காதீங்க. குனிஞ்சு அடி இலையைப் பாருங்க. கீழ்வரைக்கும் பச்சை இருக்கணும். உயரமாப் போற செடி வேண்டாம், இடுப்புக்குக் கீழ அடர்ந்து நிக்குறதைக் கேளுங்க. ஒட்டுப் போட்ட முடிச்சு மண்ணுக்கு மேல தெரியணும். முடிச்சுக்குக் கீழ வர்ற குச்சி வேர்ச்செடியோடது. இரக்கம் பார்க்காம அடியோட பிய்ச்சிடுங்க, இல்லைன்னா அது ஒட்டைத் தின்னுடும். மக வீட்டுல ஜோரா வந்தது அதுதான். பன்னிரண்டு அங்குலத் தொட்டிக்குக் குறையக் கூடாது, ஆறு மணி நேர வெயில் வேணும். தண்ணியைக் காலையில வேருக்கு ஊத்துங்க. ராத்திரியெல்லாம் இலை நனைஞ்சு கிடந்தா கரும்புள்ளி கட்டாயம் வரும். விழுந்த இலையைத் தொட்டியில விடாதீங்க. ஐப்பசி வாக்கில் ஒரு தடவை கவாத்து பண்ணுங்க.

போன ஞாயித்துக்கிழமை மக மறுபடி கூப்பிட்டா. நாலாவது செடி வாங்கியாச்சாம். "ஒரு பூ கூட இல்லாத செடியை எடுத்தேன்பா. கடைக்காரர், ஏம்மா பூத்ததை விட்டுட்டு இதை எடுக்கறீங்கன்னு சிரிச்சார்"ன்னா.

"அடி இலை எப்படி இருக்கு?"ன்னேன்.

"பச்சையா இருக்குப்பா, கீழ வரைக்கும்"ன்னா.