புதுவைக் கிராமங்களில் தகவல் அறிவு மையங்கள்: அனைவருக்குமான அணுகலின் வரலாறு (1998-2006)

ஆய்வுச் சுருக்கம்

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரிக் கிராமங்களில் தொடங்கிய தகவல் அறிவு மையங்களின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. விளிம்புநிலை மக்களுக்குத் தொழில்நுட்பம் சென்றடைவதைத் தீர்மானித்தவை கருவிகளைவிட இடம், மொழி, இடைநின்று உதவும் மனிதர் ஆகியனவே என்பது இதன் கருதுகோளாகும்.

திறவுச்சொற்கள்: தகவல் அறிவு மையம், வில்லியனூர், எம்பலம், நல்லவாடு, சமூக உள்ளடக்கம்.

முன்னுரை

கிராமங்களில் தொலைபேசியே அரிதாயிருந்த காலத்தில், கனடா நாட்டின் பன்னாட்டு வளர்ச்சி ஆய்வு மையத்தின் நிதியுதவியுடன் இத்திட்டம் உருப்பெற்றது. வில்லியனூர் தலைமை மையமாயிற்று. அங்கிருந்து வானலைக் கருவிகள் வழியாகச் சிற்றூர் மையங்களுக்குச் செய்திகள் சென்றன. மின்தடையை ஈடுசெய்யச் சூரிய ஆற்றலும் பயன்படுத்தப்பட்டது.

இடமும் உரிமையும்

மையம் வேண்டும் ஊரார் அதற்குரிய இடத்தைத் தாமே வழங்க வேண்டும். சாதி, பால் வேறுபாடின்றி எவரும் அங்கு நுழைய இசைய வேண்டும். இவையே முதன்மை நிபந்தனைகளாக வைக்கப்பட்டன. எம்பலத்தில் கோயில் வளாகத்தில் மையம் அமைந்தது. கோயிலின் ஒரு வாயில் சிலருக்கு மறுக்கப்பட்டிருந்த நிலையில், மையத்தின் வாயில் அனைவருக்கும் திறந்திருந்தது. ஒரே கட்டடத்தின் இவ்விரு வாயில்கள், தொழில்நுட்பம் தானாகவே சமத்துவத்தைக் கொண்டுவருவதில்லை என்பதற்கும், முன்கூட்டிய உடன்பாடே அதனை இயலச் செய்கிறது என்பதற்கும் சான்றாகின்றன.

மொழியும் உள்ளடக்கமும்

ஊரார் எவரிடமிருந்து தகவல் பெறுகின்றனர் என்பது முதலில் கணக்கெடுக்கப்பட்டது. அதன் பின்னரே அவர்களுக்கு வேண்டிய தகவல்கள் தொகுக்கப்பட்டன. பயிர் விலை, அரசு நலத்திட்டங்கள், மருத்துவ வசதி ஆகியன தமிழில் பதிவாயின. உள்ளூர்த் தன்னார்வலர்கள், பெரும்பான்மையும் பெண்கள், ஆங்கில விசைப்பலகையிலேயே தமிழ்த் தட்டச்சுப் பயின்றனர். மீனவர் ஊரான வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து பெறப்பட்ட அலை உயரத் தகவல், தமிழாக்கப்பட்டு ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. எழுத்தறியாதோருக்கும் அது பயன்பட்டது.

2004 திசம்பர் 26

ஆழிப்பேரலை நாளன்று நல்லவாட்டைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் ஊருக்கு எச்சரிக்கை விடுத்தார். மையத்தின் ஒலிபெருக்கி அதனை ஊர் முழுதும் பரப்பியது. ஏறத்தாழ 3,600 பேர் வாழ்ந்த அவ்வூர் உயிரிழப்பின்றித் தப்பியது. அன்று உயிர் காத்தது கணினியன்று. நாள்தோறும் அறிவிப்பைக் கேட்டு நம்பிப் பழகியிருந்த சமூக ஏற்பாடே என்பது இங்குக் கருதத்தக்கது.

இருவேறு வழிகள்

இதே காலத்தில் மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தில், சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான கம்பியில்லாத் தொழில்நுட்பத்தைக் கொண்டு இணைய மையங்கள் தொடங்கப்பட்டன. அவற்றுட் பல, பயனரிடம் பெறும் கட்டணத்தை நம்பி உள்ளூர்த் தொழில்முனைவோரால் நடத்தப்பெற்றன. வருவாய் போதாமல் சில ஆண்டுகளிலேயே பல மூடப்பட்டன. புதுவை மையங்களோ நன்கொடையையும் தன்னார்வ உழைப்பையும் சார்ந்து நின்றன. அவ்வுழைப்புக்கு, குறிப்பாகப் பெண்களின் உழைப்புக்கு, உரிய ஊதியம் எது என்னும் வினா எஞ்சியது. கட்டணம் வாங்கினால் ஏழை விலகுவார். வாங்காவிடில் மையம் நிலைக்காது. சமூக நிறுவனங்கள் இன்றும் எதிர்கொள்ளும் சிக்கல் இதுவே. 2006இல் இந்திய அரசு ஒரு இலட்சம் பொதுச்சேவை மையங்களுக்குத் திட்டமிட்டபோது தொழில்முனைவோர் வழியையே தேர்ந்தது. ஊரார் உடன்பாடு என்னும் புதுவைக் கூறு அதில் முதன்மை பெறவில்லை.

முடிவுரை

இவ்வாய்வினால் பின்வருவன பெறப்படுகின்றன:

1. அணுகல் சமத்துவம், கருவி வருவதற்கு முன்னரே ஊரார் செய்துகொள்ளும் உடன்பாட்டில் வேர்கொள்கிறது.
2. தாய்மொழி உள்ளடக்கமும் ஒலிவழிப் பரப்பலும் எழுத்தறிவு என்னும் தடையைக் குறைக்கின்றன.
3. இடைநின்று உதவுவோரின் உழைப்பைச் செலவுக் கணக்கில் சேர்க்காத திட்டம் நீடிப்பது அரிது.

மையங்களின் எண்ணிக்கையை மட்டும் வளர்ச்சியின் அளவுகோலாகக் கொள்ளாது, அவற்றின் வாயிலைக் கடந்தோர் யார், கடவாதோர் யார் என்று வினவுவதே இவ்வரலாறு ஆய்வாளர்க்கு உணர்த்தும் நெறியாகும்.