வெனிசைக் காணாத மனைவி

மார்க்கோ போலோவின் பெயர் தமிழருக்குப் பழகியது. நிக்கோலோ தெ கோண்டியின் பெயர் அவ்வளவாகப் பழகவில்லை. வெனிசு வணிகரான இவர் 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் விசயநகரத்தையும் மயிலாப்பூரையும் கண்டவர். பாளையம்பட்டிக்குத் தெற்கே, தாமிரபரணி கடலோடு கலக்கும் பக்கத்துக் காயல் துறையின் முத்துகளும் இவர் கூற்றில் வருகின்றன.

கீழ்த்திசையில் அலைந்த நாளிலேயே மணம் புரிந்து மக்களையும் பெற்றார். ஊர் திரும்புகையில், செங்கடற்பகுதியில், மனைவி மக்களின் உயிருக்கு அஞ்சித் தம் சமயத்தைத் துறந்தார். ஆயின் எகிப்தில் கொள்ளைநோய் மனைவியையும் இரு பிள்ளைகளையும் கொண்டுபோயிற்று. தெருவே நீராய் ஓடும் ஊரைப் பற்றி அவ்வம்மையார் கணவர் வாய்மொழியாகக் கேட்டிருக்கக் கூடும். கண்மாய் நிறைவதையே திருவிழாவாகக் கொள்ளும் கரிசற்சீமைக்கு அது நம்பற்கரிய செய்தியே.

சமயம் துறந்த பிழைக்குப் போப்பாண்டவர் நான்காம் யூசீனியசிடம் கோண்டி மன்னிப்பு வேண்டினார். போப்பின் செயலாளர் போக்சியோ அவர் கதையைக் கேட்டு இலத்தீனில் எழுதிவைத்தார். இஞ்சி விளையும் விதமும் யானை பிடிக்கும் முறையும் அதில் உண்டு. அம்மையாரின் பெயர் இல்லை. எஞ்சிய பிள்ளைகளே தந்தையுடன் இத்தாலி சேர்ந்தனர்.