அண்ணல் முகம் பதிந்த ஒரு ரூபாய்

பழைய ஒரு ரூபாய் நாணயம் இருந்தால் லட்சக்கணக்கில் பணம் கிடைக்கும் என்று வாட்ஸ்அப்பில் செய்திகள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. அதைப் பார்த்துவிட்டு அண்ணல் அம்பேத்கர் நாணயத்தை வைத்திருப்பவர்களும், "இது எவ்வளவு போகும்?" என்று கேட்கிறார்கள். பதில் சொல்லும் முன் அந்த நாணயத்தின் கதையைப் பார்ப்போம்.

அது வெளிவந்த ஆண்டு 1990. வி.பி. சிங் ஆட்சிக்காலம். மார்ச் 31 அன்று அண்ணலுக்கு பாரத ரத்னா வழங்கப்பட்டது. அவர் மறைந்து 33 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து. ஏப்ரல் 12இல் நாடாளுமன்ற மைய மண்டபத்தில் அவர் படம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு, நூற்றாண்டு நினைவாக அவர் முகம் ஒரு ரூபாயில் ஏறியது.

அது பொருத்தமான இடம்தான். 1923இல் 'ரூபாயின் சிக்கல்' குறித்து லண்டனில் நூல் வெளியிட்ட பொருளியல் அறிஞர் அவர். 1925இல் ஹில்டன் யங் ஆணையத்தின் முன்பும் சாட்சியம் அளித்தார். விலைவாசி ஏறும் வேகத்தில் கூலி ஏறுவதில்லை. ரூபாயின் மதிப்பு இறங்கினால் அடி வாங்குவது உழைப்பவர்தான் என்பதை அங்கே எடுத்துரைத்தார்.

இனி, நாணயத்தை அடையாளம் காண்பது எப்படி? செம்பு நிக்கல் கலவை, எடை 6 கிராம், விட்டம் 26 மில்லிமீட்டர். காந்தத்தில் ஒட்டாது, ஒட்டினால் சந்தேகப்படுங்கள். ஆண்டுக்கு அருகில் வைரக் குறி இருந்தால் மும்பை நாணயச்சாலை, நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத். புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம். தேய்த்த நாணயத்துக்குச் சேகரிப்பாளர்களிடம் மதிப்பு குறையும்.

2015 டிசம்பர் 6 அன்று, 125ஆம் பிறந்த ஆண்டையொட்டி 125 ரூபாய், 10 ரூபாய் நினைவு நாணயங்கள் வெளியிடப்பட்டன. 125 ரூபாய் நாணயம் 35 கிராம். அதில் பாதி வெள்ளி. அது சேகரிப்பாளர்களுக்கானது, கடைத்தெருவில் புழங்குவதற்கல்ல.

விலையைத் தீர்மானிப்பவை மூன்று: அரிதா, தேயாமல் இருக்கிறதா, வாங்க ஆள் இருக்கிறதா. 1990 ஒரு ரூபாய் ஏராளமாகப் புழங்கியது. எனவே தேய்ந்த நாணயத்துக்குப் பெரிய விலை கிடைக்காது. லட்சம் தருகிறேன், முதலில் கமிஷன் கட்டு, வரி கட்டு என்று யாராவது சொன்னால் அது மோசடி. தன் பெயரைச் சொல்லி இப்படிப் பணம் பறிப்பவர்களை நம்பவேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது.

ஆனால் தோழர்களே, சந்தையில் அதன் விலையைக் குறைக்கும் அந்த 'ஏராளம்'தான் வரலாற்றில் அதன் மதிப்பு. நம் மக்கள் நீட்டிய காசைக் கையில் வாங்காமல் தரையில் வைக்கச் சொன்ன கடைகள் இந்த நாட்டில் இருந்தன. இரட்டைக் குவளை வைத்த டீக்கடையிலும் கல்லாப்பெட்டி ஒன்றுதான். நம் கைக்குத் தீட்டு, காசுக்குத் தீட்டில்லை. அந்தக் கல்லாவுக்குள்ளும் 1990க்குப் பிறகு அண்ணல் போனார். அவரை எண்ணிப் பார்த்துத்தான் மீதிச் சில்லறை கொடுக்க வேண்டியிருந்தது.

தீண்டாமையை ஒரு நாணயம் ஒழித்துவிடவில்லை. அதை ஒழிக்கும் வேலை இன்னும் நம் முன்னால் இருக்கிறது. உங்கள் வீட்டு உண்டியலில் அந்த நாணயம் இருந்தால் விற்க அலையாதீர்கள். படிப்பு வட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். ரூபாயைப் பற்றி அவர் எழுதியதைப் படிக்கத் தொடங்க அது போதும்.