வினைமுதல் இல்லாத வாக்குறுதி

"காப்பேன்" என்னும் சொல்லைக் கேட்டவுடன் காப்பவர் யார் என்பது விளங்கிவிடும். வினைமுற்றின் ஈறே அதனைக் கூறிவிடுகின்றது. ஸ்பானிய மொழியிலும் "குவர்தரே" என்ற ஒரே சொல் "நான் காப்பேன்" என்று முழுப்பொருள் தரும். ஆயின், "காக்கப்படும்" என்னும் செயப்பாட்டு வினையில் காப்பவர் மறைந்துவிடுகின்றார். இலக்கண நூலில் இது சிறு வேறுபாடு. கண்டி நகரின் வரலாற்றிலோ பெரும் வழக்குக்கு இடமாயிற்று.

1815ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள், தலதா மாளிகையை அடுத்த மகுல் மடுவ என்னும் அரச மண்டபத்திலே, தேசாதிபதி பிரௌன்றிக் முன்னிலையில் கண்டி உடன்படிக்கை ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் வாசிக்கப்பட்டது. பௌத்த சமயம் மீறலாகாதது என்றும், அதன் கிரியைகளும் குருமாரும் வழிபாட்டிடங்களும் பேணிக் காக்கப்படுதல் வேண்டும் என்றும் அதன் 5ஆம் பிரிவு விதித்தது. யாரால்? ஆங்கில வாசகத்தில் அவ்வினைக்கு வினைமுதல் கூறப்படவில்லை.

அரசன் செய்ததை இனி அரசு செய்யும் என்றே கண்டிப் பிரதானிகள் கொண்டனர். தொடக்கத்தில் ஆங்கில அரசும் அவ்வாறே ஒழுகியது. மல்வத்தை, அஸ்கிரிய மகாநாயக்கர்களுக்கு நியமனம் வழங்கியது. 1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் புனித தந்ததாதுவையும் தன் காவலில் வைத்திருந்தது.

மிஷனரிமார் இதனை எதிர்த்தனர். 1839இல் வெஸ்லியன் பாதிரியார் ஸ்பென்ஸ் ஹார்டி, கிறித்தவ அரசு பிற சமயத்தைப் பேணுதல் தகாது என்று எழுதினார். நாளடைவில் அரசும் வேறு பொருள் கொண்டது. காத்தல் என்பது இடையூறு செய்யாதிருத்தலே என்றாயிற்று. 1847இல் தந்ததாதுவை மகாநாயக்கர் இருவரிடமும் தியவதன நிலமேயிடமும் ஒப்படைத்து அரசு விலகியது. உடன்படிக்கையில் ஓரெழுத்தும் மாறவில்லை. மறைந்திருந்த வினைமுதலே மாறியது. அதன் விளைவு மண்ணிலும் தெரிந்தது. விகாரை நிலங்களின் மேற்பார்வை தளர்ந்தது. அதனைச் சீர்செய்ய 1889இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று.

1972ஆம் ஆண்டின் குடியரசு யாப்பு, ஏனைய சமயத்தவரின் உரிமைகளை உறுதிசெய்து, பௌத்தத்தைக் காத்து வளர்த்தல் அரசின் கடமை என்று விதித்தது. கண்டியில் எழுதாது விடப்பட்ட வினைமுதல் 157 ஆண்டுகளின் பின்னர் எழுதப்பட்டது.

ஆதலின், வாக்குறுதி ஒன்றை வாசிப்போர் வினையை மட்டும் நோக்குதல் போதாது. செய்பவர் யார் என்பதையும் தேடுதல் வேண்டும்.