உறுப்புகளும் புணர்ச்சியும்: மென்பொருள் ஆக்கமுறையைச் சந்தர்ப்பத்துக்கேற்ப அமைத்தல்

மென்பொருளை ஆயத்த உறுப்புகளால் ஆக்கலாம் என்னும் யோசனையை 1968-இல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் கூடிய நேட்டோ மாநாட்டில் டக்ளஸ் மெக்கில்ராய் முன்வைத்தார். மென்பொருள் மட்டுமன்றி, அதை ஆக்கும் முறையும் அவ்வாறே உறுப்புகளால் அமைக்கத்தக்கது என்ற எண்ணம் தெளிவுபெற அதன்பின் ஏறத்தாழக் கால் நூற்றாண்டு பிடித்தது. 1992-இல் குல்தீப் குமாரும் ரிச்சர்ட் வெல்க்கும் ஒவ்வொரு திட்டத்தின் நிலைமைக்கும் தக்க முறையை வகுத்தெடுக்க வேண்டுமென வாதித்தனர். 1996-இல் நெதர்லாந்து அறிஞர் பிரின்க்கெம்பர் இதனை ‘முறைப் பொறியியல்’ என்ற தனித் துறையாகவே விவரித்தார்.

இதன் நியாயம் எளிது. நோயாளியின் நரம்பில் மருந்தைச் சொட்டுச் சொட்டாகச் செலுத்தும் பம்பை இயக்கும் நிரலுக்கும், நான்கு பேர் கூடி நடத்தும் புத்தக விற்பனைத் தளத்துக்கும் ஒரே கிரமத்தை விதிப்பது, முன்னதற்குப் போதாமலும் பின்னதற்குப் பாரமாகவும் முடியும். ஆகவே தேவையறிதல், வடிவமைப்பு, சோதனை முதலிய செயல்களைத் தனித்தனி உறுப்புகளாக விவரித்துக் களஞ்சியமொன்றில் சேமித்து, வேண்டியவற்றை எடுத்துக் கோக்கலாம் என்றனர் இத்துறையினர்.

களஞ்சியம் பெரிதானால் காரியம் எளிதாகும் என்று கருதுவோர் உளர். அது சரியன்று என்பதே என் அபிப்பிராயம். சிரமம் முழுவதும் உறுப்புகள் சந்திக்கும் இடத்திலேயே இருக்கிறது. வடிவமைப்பு ஆவணத்தைப் பரிசீலிக்கும் உறுப்பை ஒருவர் விரும்பி எடுத்துக்கொண்டு, அவ்வாவணத்தை எழுதும் உறுப்பை வீண்வேலையென விலக்கிவிட்டால், பரிசீலனைக்காகக் கூடியவர்கள் முன் மேசையில் காகிதமே இராது. ஜொலிட்டா ரலீத்தேயும் கொலெத் ரோலானும் 2001-இல் இச்சந்திப்பை இரு வகையாகப் பிரித்துக் காட்டினர்: ஒன்றன் விளைவை மற்றொன்று பெற்றுக்கொண்டு தொடர்வது ஒன்று, ஒரே விஷயத்தை வெவ்வேறு பெயரால் வழங்கும் இரண்டை உருக்கி ஒன்றாக்குவது மற்றொன்று. நம் இலக்கணத்தார் நிலைமொழியும் வருமொழியும் மாற்றமின்றிச் சேர்வதை இயல்பு என்றும், தோன்றியும் திரிந்தும் கெட்டும் சேர்வதை விகாரம் என்றும் பிரித்ததை இது நினைவூட்டுகிறது. இரண்டாம் வகையில் பெயர்கள் திரியும், சில படிகள் கெடும், முன்னில்லாத இணைப்புப் படி தோன்றும். அந்த மாற்றங்களைச் செய்யாமல் அருகருகே வைப்பது சேர்க்கையாகாது.

எந்த உறுப்பை எடுப்பது, எதை விடுவது என்ற விஷயத்தில், ஹெண்டர்சன்-செல்லர்ஸும் அவருடைய சகாக்களும் வகுத்த ‘ஓப்பன்’ என்னும் முறைச் சட்டகத்தில் நான் மிகவும் மதிப்பது அதிலுள்ள விதிப்பட்டியல் கட்டங்களையே. செயல்களும் அவற்றை நிறைவேற்றும் பணிகளும் சந்திக்கும் ஒவ்வொரு கட்டத்திலும், கட்டாயம், விரும்பத்தக்கது, விருப்பத்துக்குரியது, தவிர்க்கத்தக்கது, விலக்கப்பட்டது என்னும் ஐந்தில் ஒன்று இடப்படுகிறது. உண்டு, இல்லை என்ற இரண்டோடு நின்றிருந்தால், ஒரு பணி யோசித்து விடப்பட்டதா, மறந்து விடப்பட்டதா என்பது பின்வருவோர்க்கு விளங்காது. கட்டத்தை நிரப்பும் விவேகத்தைக் கருவியிடம் ஒப்படைக்க முடியுமென நான் நம்பவில்லை. வேலை செய்யப்போகிறவர்களே கூடியமர்ந்து, காரணத்தையும் உடன் எழுதி நிரப்ப வேண்டும். அந்தப் புத்தகத் தளம் நாளை வாங்குவோரின் பணத்தைத் தானே கையாளத் தொடங்குமாயின், பாதுகாப்புச் சோதனைக்கு நேரே ‘விருப்பத்துக்குரியது’ என்றிருப்பதை அடித்துக் ‘கட்டாயம்’ என எழுத வேண்டியவர்களும் அந்த நால்வரே.