பிள்ளையின் பெயர் தாங்கிய எண்கள்

3790360487. பத்து இலக்கங்கள் கொண்ட இது ஒரு முதன்மை எண். தமிழகத்தில் பகா எண் என்பார்கள். 1ஐயும் தன்னையும் தவிர வேறெந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாதது. இன்றைய கணினிகளுக்கு இது பெரிய எண்ணே அல்ல. 2024 ஒக்டோபரில் அறிவிக்கப்பட்ட முதன்மை எண்ணுக்கு நான்கு கோடியே பத்து இலட்சத்துக்கும் அதிகமான இலக்கங்கள். ஆயினும் என் மனம் நாடுவது இந்தச் சிறியதைத்தான். இதன் பின்னால் ஒரு தமிழரின் கேள்வி இருக்கிறது.

சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை 1901இல் குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் பிறந்தார். தாயைக் குழந்தைப் பருவத்திலேயே இழந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்து, 1929 முதல் 1941 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். எந்த முழு எண்ணையும் அதிகம் போனால் 73 ஆறாம் அடுக்குகளின் கூட்டுத்தொகையாக எழுதிவிடலாம் என்று 1940இல் நிறுவியவர் இவரே. உலகக் கணித அறிஞர்கள் அவரை நினைவுகூர்வது பெரிதும் இத்தகைய சாதனைகளுக்காக.

நான் சொல்ல வந்த கேள்வி எளியது. ஹெந்தளையில் இருந்து இதை எழுதும் நான் வெறும் கலைப்பட்டதாரி. எனக்கே காகிதத்தில் போட்டுப் பார்க்க முடிந்தது. 1 முதல் 5 வரையான எண்களைப் பெருக்கி 1ஐக் கூட்டினால் 121. அது 11×11. 11ஐ 5ஆல் வகுத்தால் மீதி 1. 6 வரை பெருக்கி 1ஐக் கூட்டினால் 721, அதாவது 7×103. இரண்டையும் 6ஆல் வகுத்தால் மீதி 1. 7 வரை என்றால் 5041, அதாவது 71×71. இங்கும் 7ஆல் வகுக்க மீதி 1. எப்போதும் இப்படித்தானா என்று கேட்டார் பிள்ளை.

இல்லை. 8இலேயே ஒழுங்கு குலைகிறது: 40321 = 61×661. இரண்டுமே 8ஆல் வகுக்கும்போது 5ஐ மீதி தருகின்றன. 14 வரை போனால் 87178291201. இதன் காரணிகள் 23உம் நம் 3790360487உம். 14ஆல் வகுத்தால் 23இன் மீதி 9, பெரியதன் மீதி 11. 9×11=99; அதை 14ஆல் வகுத்தால் மீதி 1. முழுப் பெருக்கம் 1ஐ மீதி தந்தாக வேண்டும் என்பதால், சிறியது வழி தவறினால் பெரியதும் அதற்கு ஈடாக வழி தவறியே தீரவேண்டும்! இந்த அழகைக் கண்டபின் எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

இவ்வாறு வழி தவறும் எண்களுக்கே 'பிள்ளை முதன்மை எண்கள்' என்று பெயர். மிகச் சிறியது 23. அவை முடிவின்றி உள்ளன என்பதும் நிறுவப்பட்டுவிட்டது. கேட்டவருக்கு 'இல்லை' என்று பதில் சொன்ன எண்கள்தான் அவர் பெயரைச் சுமக்கின்றன.

1950இல் பிரின்ஸ்டன் உயர்கல்வி நிறுவகம் அவரை அழைத்தது. ஹார்வர்டில் உலகக் கணித மாநாடும் காத்திருந்தது. பம்பாயிலிருந்து நியூயோர்க் செல்லும் விமானத்தில் புறப்பட்டார். ஓகஸ்ட் 31 அன்று கெய்ரோவை விட்டுக் கிளம்பிய சிறிது நேரத்தில் அது விழுந்து நொறுங்கியது. 55 பேரும் மாண்டனர். பிள்ளைக்கு வயது 49. எகிப்தின் புகழ்பெற்ற நடிகை கமீலியாவும் அதே விமானத்தில் இருந்தார். மறுநாள் தலைப்புச் செய்தியில் எவர் பெயர் வந்திருக்கும் என்பதைப் பத்திரிகைக்காரனான நான் யாரிடமும் கேட்டறிய வேண்டியதில்லை.