திரைப்பட இதழ்க் கட்டுரைகளுக்குப் பொருளடைவு

தொடக்ககாலத் திரைப்படங்கள் பல அழிந்தொழிந்தன. அவற்றுட் பலவற்றிற்கு அக்கால இதழ்க் கட்டுரைகளே எஞ்சிய சான்றாகும். ஆயின் அடைவில் ஏறாத கட்டுரை இருந்தும் இல்லாததே. இக்குறை நீக்க, 1938-இல் பாரிசில் தோன்றிய பன்னாட்டுத் திரைப்படக் காப்பகக் கூட்டமைப்பு 1972-இல் இதழடைவுப் பணியைத் தொடங்கிற்று. பல நாட்டுக் காப்பகத்தார் இதழ்களைப் பகுத்துக்கொண்டு, கட்டுரைதோறும் ஆசிரியர், படம், பொருள் ஆகியவற்றைக் குறித்து அட்டை எழுதினர். பின்னர்த் தொலைக்காட்சி இதழ்களும் சேர்ந்தன. அட்டைகள் கணினித் தரவுத்தளமாயின. கருவி மாறினும் நெறி மாறவில்லை. ஒரு பொருளுக்கு இருவர் இருவேறு தலைப்பிடின், தேடுவோன் பாதியே காண்பான். எனவே ஒருமைப்பட்ட தலைப்புப் பட்டியலே அடைவின் உயிராகும். வரலாற்றாசிரியன் எதனைக் காண்பான், எதனைக் காணான் என்பதை முன்னரே வரையறுப்பவர் அடைவாளரே எனத் துணியலாம்.